சாப்பாவா, பாக் ஹாவா, மியோ வாக்கா? வட வியட்நாமின் மலைச்சந்தைகள்

ஹனோய் வரை போகிறவர்களில் பலர் ஹாலோங் விரிகுடாவோடு திரும்பிவிடுகிறார்கள். கையில் இன்னும் நான்கைந்து நாள் இருந்தால் சீன எல்லையை ஒட்டிய மலைகளுக்குப் போங்கள். ஹ்மோங், ஸாவ், நுங், லோலோ என்று பல இனத்தார் வாரச்சந்தையில் கூடும் ஊர்கள் அங்கேதான் இருக்கின்றன. எந்த ஊருக்குப் போவது என்பதில்தான் குழப்பம்.

எல்லோரும் முதலில் சொல்வது சாப்பா. போவது சுலபம். 2014இல் ஹனோய்–லாவோ காய் விரைவுச்சாலை திறந்தபின், ஹனோயிலிருந்து பேருந்தில் ஐந்தாறு மணி நேரம்தான். 3,143 மீட்டர் உயர ஃபான்சிபான் சிகரத்துக்கு 2016 முதல் கேபிள் காரும் ஓடுகிறது. செப்டம்பரில் முவோங் ஹோவா பள்ளத்தாக்கின் படிவயல்கள் பொன்னாக விளைந்து கிடக்கும், அதற்காகவே போகலாம். ஆனால் சந்தை என்று பார்த்தால் சாப்பா எனக்குத் திருப்தி தரவில்லை. அங்கே வியாபாரம் பெரும்பாலும் நம்மைப் போன்ற பயணிகளை நம்பித்தான் நடக்கிறது. பை, வளையல், மேசை விரிப்பு என்று கையில் வைத்துக்கொண்டு பெண்கள் கூடவே நடந்து வருவார்கள். அது அவர்கள் பிழைப்பு, குறை சொல்ல ஒன்றுமில்லை. குழந்தைகள் விற்க வந்தால் மட்டும் வாங்காதீர்கள். வருமானம் வருகிறது என்றால் பள்ளிக்கூடம் நின்றுபோகும்.

பாக் ஹா அப்படியல்ல. ஞாயிறு காலை சுற்றுவட்டார மலைக்கிராமங்கள் அத்தனையும் அங்கே இறங்கி வரும். ஹ்மோங் இனத்தில் ஒரு பிரிவான பூ ஹ்மோங் பெண்களின் பாவாடையில் இல்லாத நிறமே இருக்காது. எருமை விற்கும் இடம் தனி, நாட்டு மருந்து தனி, கேனில் சோளச் சாராயம் தனி. பெரிய கொப்பரையில் தாங் கோ கொதிக்கும். குதிரையின் இறைச்சியும் குடலும் போட்ட குழம்பு அது. சாப்பாவிலிருந்து சுற்றுலாப் பேருந்துகள் வந்து சேர ஒன்பது, பத்து மணி ஆகிவிடும். எனவே சனிக்கிழமை இரவே பாக் ஹாவில் தங்கிவிட்டு, விடிந்ததும் சந்தைக்குள் போய்விட வேண்டும். சனி பகலிலேயே, வடக்கே உள்ள கான் காவ் கிராமத்தின் சனிச்சந்தையையும் பார்த்துவிடலாம். வயதான பெற்றோரோடு போகிறவர்களுக்கு இந்த இரண்டு நாள் திட்டத்தைத்தான் சொல்வேன்.

மற்றவர்களுக்கு என் தேர்வு, ஹா ஜியாங் நகரைத் தாண்டி மலைக்குள் இருக்கும் மியோ வாக். அதுவும் ஞாயிற்றுச் சந்தைதான், ஆகவே ஒரே வாரத்தில் இரண்டையும் பார்க்க முடியாது. ஹனோயிலிருந்து ஹா ஜியாங் நகருக்கே ஏறக்குறைய 300 கிலோமீட்டர்; அதற்கப்புறம்தான் மலைப்பாதை தொடங்கும். 1959இல் தொடங்கி 1965இல் முடித்த சாலை அது. மா பி லெங் கணவாயில் தொழிலாளர்கள் கயிற்றில் தொங்கியபடி மாதக்கணக்கில் பாறையை வெட்டி வழி எடுத்தார்கள். கீழே வெகு ஆழத்தில் நோ குவே ஆறு. வழியெல்லாம் சுண்ணாம்புப் பாறைகள்; இடுக்கில் ஒரு கூடை மண் கிடந்தாலும் அதில் சோளம் நிற்கும்.

அந்த மண்ணில் பிழைப்பவர்களுக்கு ஒரு மாடு எவ்வளவு பெரிய சொத்து என்பது மியோ வாக் மாட்டுச்சந்தையில் தெரியும். வாயைப் பிளந்து பல்லைப் பார்க்கிறார்கள், முதுகைத் தடவுகிறார்கள், விலகிப் போகிறார்கள், திரும்பி வந்து மறுபடி விலை கேட்கிறார்கள். நம்மை யாரும் கண்டுகொள்வதில்லை. ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஞாயிறு தவறிவிட்டாலும் இந்தப் பக்கம் வாய்ப்பு உண்டு. சா ஃபின், லுங் ஃபின் போன்ற ஊர்களில் சந்தை ஆறு நாளுக்கு ஒருமுறை. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு விலங்கின் பெயர் வைத்து எண்ணும் பன்னிரண்டு விலங்குகளின் நாட்கணக்குப்படி சா ஃபினில் பாம்பு நாளிலும் பன்றி நாளிலும், லுங் ஃபினில் புலி நாளிலும் குரங்கு நாளிலும் கூடும். இந்த வாரம் ஞாயிறு என்றால் அடுத்தது சனி, அதற்கடுத்தது வெள்ளி. தங்கும் விடுதியில் கேட்டாலே தேதி சொல்லிவிடுவார்கள்.

சிரமங்களையும் சொல்லிவிட வேண்டும். ஹா ஜியாங் எல்லைப் பகுதிக்கு வெளிநாட்டவர் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். பைக்கை நீங்களே ஓட்டாதீர்கள்; உள்ளூர் ஓட்டுநரின் பின்னால் உட்கார்ந்து போங்கள், அல்லது கார் எடுங்கள். வளைவுகள் ஒருபுறம், உரிமச் சிக்கல் இன்னொரு புறம்: வியட்நாம் ஏற்பது 1968 சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படியான சர்வதேச ஓட்டுநர் உரிமத்தை, இந்தியாவில் தருவது 1949 ஒப்பந்தப்படியானது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மண்சரிவு பயம் உண்டு. செப்டம்பரிலும் அது தீர்ந்துவிடாது; 2024 செப்டம்பரில் யாகி புயல் மழையில் லாவோ காய் மாகாணத்தின் லாங் நு கிராமம் அடித்துச் செல்லப்பட்டதை மறக்க முடியாது. பக்வீட் என்ற தானியச் செடி பூக்கும் அக்டோபர், நவம்பர்தான் ஹா ஜியாங்குக்கு ஏற்ற காலம்.

சைவக்காரர்கள் 'சாய்' என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். சந்தையில் ஐந்து நிற ஒட்டரிசிச் சோறு கிடைக்கும். துணி வாங்குவதென்றால் விரலால் தடவிப் பாருங்கள். பளபளக்கும் பாவாடைகளில் நிறைய இயந்திரத்தில் அச்சடித்தவை. கையால் நெய்த சணல்துணி சொரசொரப்பாக இருக்கும், அவுரிச்சாயம் விரலில் லேசாக ஒட்டும். விலை கூடுதல்தான், கொடுத்து வாங்குங்கள்.