சார்ஜ் காற்றாடி: ஈய பேட்டரியா, லித்தியமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பிற்பகல் இடியோடு கரண்டு போனால் கை முதலில் தேடுவது சார்ஜ் காற்றாடியைத்தான். பருவம் மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் இடி மழைக்குக் குறைவில்லை. ரப்பருக்கும் செம்பனைக்கும் ஊடே வரும் கம்பியில் ஒரு கிளை சாய்ந்தால் போதும், தகரக் கூரைக்குக் கீழே உட்கார முடியாது.

ஹாங்காங் எலக்ட்ரானிக்ஸ் கண்காட்சியும் குவாங்சோவின் கேண்டன் கண்காட்சியும் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரலிலும் அக்டோபரிலும் நடக்கின்றன. மலிவு விலைச் சார்ஜ் காற்றாடிகள் அங்கே அணி அணியாக நிற்கும். ஒரே அச்சில் வார்த்த காற்றாடி நான்கு பெயர்களில் பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தைக்கும் இணையக் கடைக்கும் வந்து சேரும். அதனால் பெயரை வைத்து ஒப்பிடுவதில் பயனில்லை. உள்ளே இருக்கும் பேட்டரியைக் கேளுங்கள். 6 வோல்ட் ஈய பேட்டரி வைத்த பெரிய காற்றாடி ஒரு வகை, 18650 லித்தியம் செல் (18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீள உருளை) வைத்த சிறியது இன்னொரு வகை. நான் வாங்கியது லித்தியம். கரண்டு போகும் நாளுக்கு மட்டும் காற்றாடி தேடும் வீட்டுக்கு அதையே சொல்வேன், ஒரு நிபந்தனையோடு. அதைப் பிறகு சொல்கிறேன்.

காற்றின் அளவில் ஈய வகைதான் முந்தும். 12, 14 அங்குல இறக்கை, கனமான அடிப்பாகம், கூடத்தில் நான்கு பேர் படுத்தாலும் காற்று எட்டும். லித்தியம் வகை பெரும்பாலும் 8 அங்குலம். ஒரு கட்டிலுக்குப் போதும். எடையில் லித்தியம் மிகவும் இலகு. இவை பார்த்ததுமே தெரியும்.

பெட்டியில் போட்டிருக்கும் "12 மணி நேரம்" என்பதை மட்டும் நம்ப வேண்டாம். அது மிகக் குறைந்த வேகத்துக்கான கணக்கு. நீங்களே கணக்குப் போடலாம். ஈய வகையில் வழக்கமாக வருவது 6 வோல்ட், 4.5 ஆம்பியர் மணி. பெருக்கினால் 27 வாட் மணி. ஆனால் அந்த 4.5 என்பது 20 மணி நேரம் மெதுவாக வடித்தால் கிடைக்கும் அளவு. முழு வேகத்தில் ஒன்றரை ஆம்பியர் இழுத்தால் 3 மணி நேரம் வர வேண்டியது இரண்டு, இரண்டேகாலில் நின்றுவிடும். லித்தியத்தில் இரண்டு செல், ஒவ்வொன்றும் 2,500 மில்லிஆம்பியர் மணி என்றால் 3.7 வோல்ட்டால் பெருக்க 18.5 வாட் மணி. 4 வாட் இழுக்கும் நடு வேகத்தில் இழப்பு போக நான்கு மணி நேரம் எதிர்பார்க்கலாம். வேகமாக வடித்தாலும் லித்தியம் இந்த அளவு குறையாது.

இனி, முடிவைத் தீர்மானிக்கும் விஷயம்: சும்மா கிடக்கும் மாதங்களில் பேட்டரிக்கு என்ன ஆகிறது?

வீட்டுச் சார்ஜ் காற்றாடி ஆண்டில் பத்து இருபது தடவை ஓடினாலே அதிகம். மற்ற நாளெல்லாம் மூலையில் நிற்கும். ஈய பேட்டரியின் வாழ்வு கெடுவது அங்கேதான். கரண்டு வந்ததும் "நாளைக்குச் சார்ஜ் போடலாம்" என்று விட்டால், காலியான தட்டுகளில் ஈய சல்பேட் படிகம் கெட்டிப்படத் தொடங்கும். சில வாரம் அப்படியே கிடந்தால் அது மறுபடி கரையாது. பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் கால் மணி நேரத்தில் நின்றுவிடும். சார்ஜிலேயே விட்டு வைத்தாலும் ஆபத்துதான். மலிவுக் காற்றாடிகள் பலவற்றில் நிறைந்ததும் நிறுத்தும் சர்க்யூட் இல்லை. உள்ளிருக்கும் ஈரம் காய்ந்து பேட்டரி பக்கவாட்டில் உப்பிவிடும். வெக்கையும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். வெப்பம் 10 டிகிரி கூடினால் ஈய பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

ஏற்கெனவே ஈய வகை வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியது இதுதான். கரண்டு வந்த அன்றே முழுச் சார்ஜ் போடுங்கள். ஓடாத மாதத்திலும் ஒரு முறை போடுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் 12 மணி நேரம் சார்ஜ் ஆன பிறகு பேட்டரி முனைகளில் பாருங்கள். ஆனால் மூடியைத் திறந்துகொண்டு பிளக்கை மாட்ட வேண்டாம். மலிவுக் காற்றாடிகள் பலவற்றில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் மின்தேக்கி வழியாகவே வீட்டு மின்சாரம் சர்க்யூட் பலகைக்கு வரும். தொட்டால் உயிருக்கு ஆபத்து. பிளக்கைப் பிடுங்கி, சில நிமிடம் விட்டு, பிறகு திறந்து அளக்க வேண்டும். ஓய்வில் 6.3, 6.4 வோல்ட் காட்டினால் நல்ல நிலை. 6-க்குக் கீழே என்றால் சார்ஜ் பிடிக்கவில்லை. மாற்றுவது எளிது: இரண்டு கவ்விகளைக் கழற்றி, அதே அளவு பேட்டரியைச் சிவப்புக்குச் சிவப்பாக மாட்டினால் ஆயிற்று. மாற்றி மாட்டினால் பலகை எரியும். மோட்டார் கடைகளிலும் அலாரம் பொருத்துபவர்களிடமும் இந்த 6 வோல்ட் பேட்டரி கிடைக்கும், பெரும்பாலும் இருபது முப்பது ரிங்கிட்டுக்குள். ஆனால் ஆண்டுக்கொரு தடவை இதையே செய்து கொண்டிருந்தால் மலிவு எங்கே போனது?

லித்தியம் செல் சும்மா கிடந்தாலும் அவ்வளவு கெடாது. பாதிக்குச் சற்று மேல் சார்ஜில், கூரைக்கு அருகே அலமாரி உச்சியில் வைக்காமல், மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்த்தால் போதும். கரண்டு போகும் இரவில் எடுத்தவுடன் ஓடும். என் சாய்வுக்கு இது ஒன்றே காரணம்.

நிபந்தனை இதுதான்: அடியில் பேட்டரி மூடி இருக்க வேண்டும். கடையில் காற்றாடியைக் கவிழ்த்துப் பாருங்கள். ஒரு திருகோடு கழலும் மூடியும் அதற்குள் ஸ்பிரிங்கும் செல்லும் தெரிந்தால் வாங்கலாம். உடம்பையே பிளந்தால்தான் செல் தெரியும் என்றால், அது நிக்கல் பட்டையில் ஸ்பாட் வெல்டிங் செய்யப்பட்டிருக்கும். ஈயப்பற்று (சோல்டரிங்) வைத்து ஒட்டப் போனால் செல்லின் உள்ளே சூடேறிச் சேதமாகும். செல் தீர்ந்ததும் காற்றாடியைத் தூக்கிப் போடுவதுதான் வழி. அந்த வகையோடு ஒப்பிட்டால் ஈயமே மேல்.

செல் மாற்றும்போது தவறுவது மூன்று இடத்தில். "9,900" என்று அச்சடித்த 18650 பொய். இந்த அளவில் நல்ல செல்லே 3,500 மில்லிஆம்பியர் மணி அளவில்தான் தரும். சமையல் தராசில் வையுங்கள். நல்லது ஏறக்குறைய 45 கிராம் இருக்கும், 35-க்குக் கீழே என்றால் வேண்டாம். அடுத்து நீளம்: பாதுகாப்புப் பலகை வைத்த செல் 69, 70 மில்லிமீட்டர் வரும், 65-க்கான குழியில் உட்காராது. மூன்றாவதுதான் ஆபத்தானது. இரண்டு செல்லும் இணையாக இருக்கும் காற்றாடியில் நிறைந்த ஒன்றையும் காலியான ஒன்றையும் சேர்த்துப் போட்டால், ஒன்றிலிருந்து மற்றதற்குப் பெரும் மின்னோட்டம் பாய்ந்து சூடேறும். இரண்டையும் ஒரே சமயத்தில், ஒரே வகையில் வாங்கி, தனிச் சார்ஜரில் 4.2 வோல்ட் வரை நிறைத்த பிறகே மாட்டுங்கள்.

லித்தியம் வகை வாங்கும்போது இரு முனையிலும் யுஎஸ்பி-சி உள்ள சி-க்கு-சி கேபிளையும் மாட்டிப் பாருங்கள். மலிவுக் காற்றாடிகளில் சார்ஜ் துளைக்குப் பின்னால் இருக்க வேண்டிய 5.1 கிலோஓம் மின்தடை இரண்டை மிச்சம் பிடிப்பதுண்டு. அவை இல்லாவிட்டால் புதிய போன் சார்ஜர் மின்சாரமே விடாது. பழைய ஏ-க்கு-சி கேபிள்தான் வேலை செய்யும். காற்றாடி பழுது என்று திருப்பிக் கொடுப்பவர்கள் பலருக்கு இதுதான் கோளாறு. அடாப்டர் தனியாக வாங்கினால் மலேசியத் தரச் சான்றான சிரிம் முத்திரை பாருங்கள். ஈய வகை இரண்டு ஊசி பிளக்கோடு வந்தால் நடுத் துளையில் பேனா செருகித் திணிக்க வேண்டாம். மூன்று ஊசி அடாப்டர் மாட்டுங்கள்.

கூடவே தரும் 3 வாட் சூரியத் தகட்டுக்காக விலை கூட்டிக் கொடுக்க வேண்டாம். நம் வானத்தில் நாளுக்கு நான்கு மணி நேரம் நல்ல வெயில் என்று வைத்தாலும் இழப்பு போக 8 வாட் மணிதான் வரும். காலியான காற்றாடி நிறைய இரண்டு நாளுக்கு மேல் ஆகும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் வைத்த காற்றாடிகளும் இப்போது வருகின்றன. செல் ஒன்று 3.2 வோல்ட், ஆயிரக்கணக்கான சார்ஜ் சுற்று தாங்கும், தீப்பிடிக்கும் வாய்ப்பும் குறைவு. காகிதத்தில் இதுதான் முதல் இடம். ஆனால் காற்றாடியில் ஐந்தாறு ஆண்டு ஓட்டிப் பார்த்த அனுபவம் நம் பக்கம் இன்னும் சேரவில்லை. அதனால் வாங்கச் சொல்லவும் மாட்டேன், தடுக்கவும் மாட்டேன். ஒன்று மட்டும்: இந்தச் செல்லைச் சாதாரண லித்தியம் காற்றாடிக்குள் மாட்ட வேண்டாம். அதன் சர்க்யூட் 4.2 வோல்ட் வரை ஏற்றும்; இந்தச் செல்லுக்கு 3.65-தான் எல்லை.