மீன் எடைபோடும் பழைய விண்டோஸுக்கு லினக்ஸிலிருந்தே எக்ஸி: மிங்டபிள்யூ-டபிள்யூ64 மதிப்புரை

பாம்பனிலோ மண்டபத்திலோ தொண்டியிலோ ஒரு மீன் கம்பெனியின் தராசுக்குப் பக்கத்தில் 32 பிட் விண்டோஸ் 7 கணினி இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், அதற்கு நிரல் எழுதிக் கொடுப்பவருக்கு இன்று வழிகள் சுருங்கிவிட்டன. கோ மொழி 1.21-லிருந்து விண்டோஸ் 10-க்குக் கீழே இறங்காது. ரஸ்ட்டின் வழக்கமான விண்டோஸ் இலக்குகளும் 1.78-லிருந்து அப்படித்தான். உபுண்டுவிலோ டெபியனிலோ உட்கார்ந்தபடி சி, சி++ நிரலை அந்தக் கணினிக்கு எக்ஸியாக்க இன்றும் நம்பத்தக்க கருவி மிங்டபிள்யூ-டபிள்யூ64. விண்டோஸ் கணினியோ விஷுவல் ஸ்டுடியோவோ தேவையில்லை.

நிறுவும்போதே ஒரு சிக்கனம். 'மிங்டபிள்யூ-டபிள்யூ64' என்று மொத்தமாகக் கேட்டால் 32 பிட், 64 பிட், ஒவ்வொன்றிலும் இரண்டு வகை த்ரெட் (ஒரே நிரலில் பல வேலைகளை ஒருசேர ஓட்டும் வசதி) என்று நாலு கம்பைலர், அதாவது நிரலை எக்ஸியாக்கும் கருவி, இறங்கும். நெட் மெதுவாக வரும் இடத்தில் அது வீண். பெயரில் 'ஐ686' (32 பிட்) என்றும் 'போசிக்ஸ்' என்றும் இருக்கும் ஜி++ தொகுதியை மட்டும், உபுண்டு, டெபியனில் மென்பொருள் நிறுவும் கருவியான ஏப்டியில் கேளுங்கள். 'வின்32' த்ரெட் வகையில், கம்பைலர் ஜிசிசி 13-க்கு முந்தையதாக இருந்தால், சி++-இன் த்ரெட் வசதி கிடையாது. 'அப்படி ஒன்று இல்லை' என்று பிழை வரும். 64 பிட் கம்பைலரின் பெயரிலும் 'மிங்டபிள்யூ32' என்றே இருப்பது பெயர்க்குழப்பம். முன்னால் உள்ள ஐ686-ஐப் பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும்.

கம்பைல் ஆகிவிடும், கம்பெனிக் கணினியில் திறந்தால் 'லிப்வின்பித்ரெட்-1 டிஎல்எல் இல்லை' என்று நிற்கும் (டிஎல்எல் என்பது எக்ஸிக்கு வெளியே தனியாக இருக்கும் நூலகக் கோப்பு). லிங்க் செய்யும்போது '-ஸ்டேட்டிக்' சேர்த்தால் அந்த நூலகம் எக்ஸிக்குள்ளேயே சேர்ந்து, அது தீரும். எக்ஸி சற்றுப் பெரிதாகும், 'ஸ்ட்ரிப்' கருவி அதில் ஒரு பகுதியைக் குறைக்கும். பிறகு கம்பைலர் பெயரில் உள்ள அதே முன்னொட்டோடு வரும் ஆப்ஜ்டம்ப் கருவியை '-பி' (-p) கொடுத்து ஓட்டி, டிஎல்எல் பட்டியலைப் பாருங்கள். கெர்னல்32, எம்எஸ்விசிஆர்டி போன்றவை மட்டும் இருந்தால் நிம்மதி. 'ஏபிஐ-எம்எஸ்-வின்-சிஆர்டி' என்று தொடங்கும் பெயர்கள் வந்தால் கம்பைலர், விண்டோஸின் புதிய சி நூலகமான யுசிஆர்டியைச் சார்ந்தது. அது விண்டோஸ் 10-இல் கூடவே வருவது. விண்டோஸ் 7-இல் தனி அப்டேட் போட்டிருந்தால்தான் ஓடும்.

நூலகங்களின் வரிசையும் முக்கியம்: '-எல்டபிள்யூஎஸ்2_32' மூலக்கோப்புக்குப் பின்னால் வர வேண்டும், முன்னால் வைத்தால் 'வரையறுக்கப்படாத குறிப்பு' என்று வரிசையாகக் கொட்டும். விண்டோஸ் ஹெடரைப் பெரிய எழுத்தில் தொடங்கினாலும் லினக்ஸ் கண்டுபிடிக்காது. ஆட்டோகான்ஃப் நிரல்களுக்கு ('கன்ஃபிகர்' ஓட்டிக் கட்டுபவை) இலக்கை '--ஹோஸ்ட்' என்று சொல்ல வேண்டும், '--டார்கெட்' அல்ல.

பணத்தைத் தொடும் பிழை வேறு. எடைப் பதிவை இருமக் கோப்பாக எழுதுகிறவர்கள் திறக்கும்போது 'பி' (b) சேர்க்காவிட்டால் லினக்ஸில் எந்தக் குறையும் தெரியாது. விண்டோஸில், 10 என்ற மதிப்புள்ள பைட் எழுதும்போது அதற்கு முன்னால் 13 ஒன்று நுழைந்து பின்னால் உள்ளதெல்லாம் ஒரு பைட் தள்ளிப்போகும். படிக்கும்போது 26 என்ற பைட்டைக் கண்டால் கோப்பு முடிந்தது என்று நிறுத்திவிடும். சீலா 26 கிலோ என்று எடை விழுந்த இடத்தோடு அன்றைய கணக்கு அறுந்துபோகும். மீதி ஏலக் கணக்கு பில்லில் வராது. கூடவே, 'லாங்' 64 பிட் லினக்ஸில் 8 பைட், விண்டோஸில் 4. இரண்டுக்கும் ஒரே கோப்பு என்றால் அளவு குறிப்பிட்ட முழுஎண் வகைகளையே பயன்படுத்துங்கள்.

படகின் பெயரில் கோப்பு வைப்பது இங்கே இயல்பு. தமிழுக்கு விண்டோஸில் பழைய ஏஎன்எஸ்ஐ குறிமுறை கிடையாது. ஆகவே கோப்பைத் திறக்கும் எஃப்ஓப்பனுக்குத் தமிழ்ப் பெயரை யுடிஎஃப்-8-இல் கொடுத்தால் கோப்புப் பெயர் குப்பையாகும். மல்டிபைட்-டு-வைட்கேரால் மாற்றி, _டபிள்யூஎஃப்ஓப்பனில் கொடுக்க வேண்டும். எக்ஸியோடு சேரும் அமைப்புக் குறிப்பான மேனிஃபெஸ்ட்டில் யுடிஎஃப்-8 என்று எழுதிவிடும் சுலபவழி விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்துதான் செல்லும்.

யுஎஸ்பி மாற்றி வழியாக வரும் தராசு, காம்9-ஐத் (காம் என்பது விண்டோஸில் தொடர் இணைப்பு வாயிலின் பெயர்) தாண்டிய எண் பிடித்தால் வெறும் 'காம்12' திறக்காது. சி நிரலில் நான்கு பின்சாய்கோடு, புள்ளி, இரண்டு பின்சாய்கோடு, பிறகு காம்12. இதை எல்லா எண்ணுக்கும் எழுதிவிட்டாலும் கெடுதல் இல்லை.

சோதிக்க, லினக்ஸில் விண்டோஸ் நிரலை ஓட்டும் வைன் உதவும், 32 பிட்டுக்கு ஐ386 கட்டமைப்பை முதலில் சேர்க்க வேண்டும். ஆனால் வைனை விண்டோஸ் 7 என்று அமைத்தாலும், 8-இல் வந்த செயற்கூறுகள் அதில் இருக்கத்தான் செய்யும். வைனில் ஓடியது கம்பெனியில் ஓடும் என்று எழுதிக்கொடுத்துவிடாதீர்கள். உண்மையான கணினியில் ஒரு முறை ஓட்டுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். புது எக்ஸியைப் பழையதன் பக்கத்திலேயே வேறு பெயரில் வைத்து, தெரிந்த எடைக்கல்லை ஏற்றி, 10 கிலோவும் 26 கிலோவும் சேர்த்துப் பதிவு செய்து பார்க்க அதுதான் நேரம்.