வாலிஸ்னேரியாவா, ஹைட்ரில்லாவா?

தொட்டியில் வளர்த்து மாணவர்களுக்குக் காட்ட எது நல்லது என்று கேட்டால், என் ஓட்டு வாலிஸ்னேரியாவுக்குத்தான். இரண்டும் தண்ணீருக்குள் வளரும் செடிகள், ஹைட்ரோகேரிட்டேசி என்ற ஒரே தாவரக் குடும்பம்தான், ஆனால் பார்த்ததுமே வித்தியாசம் தெரியும். வாலிஸ்னேரியாவின் இலைகள் அடியிலிருந்தே நாடா நாடாகக் கிளம்பும், பக்கத்தில் ஓடுதண்டு விட்டுப் பரவும். ஹைட்ரில்லாவில் நீளத் தண்டு, கணுவுக்குக் கணு 3 முதல் 8 குட்டி இலைகள். ஓரத்தில் விரலை ஓட்டினால் சொரசொரக்கும்.

பூக்கும்போதுதான் வாலிஸ்னேரியாவின் அருமை தெரியும். வாலிஸ்னேரியா ஸ்பைராலிஸ் என்ற இனத்தில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. கடுகை விடச் சிறிய ஆண் பூக்கள் தண்ணீருக்கடியிலேயே கழன்று, மேலே வந்து விரிந்து மிதக்கும். நீண்ட காம்பில் ஏறி வந்த பெண் பூ இருக்கும் இடத்தில் நீர்ப்பரப்பு லேசாகக் குழிந்திருக்க, மிதந்து வருபவை அந்தக் குழிக்குள் சறுக்கிப்போய் மகரந்தத்தைச் சேர்க்கும். அப்புறம் காம்பு ஸ்பிரிங் மாதிரிச் சுருண்டு காயை உள்ளே இழுத்துக்கொள்ளும். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது!

ஹைட்ரில்லாவின் ஆண் பூவும் கழன்று மேலே வரும். வந்ததும் வெடித்து மகரந்தத்தைக் காற்றில் தெறிக்கும், தண்ணீரில் விழுந்தது வீண்.

சரி, ஒளிச்சேர்க்கைச் சோதனையில் ஆக்சிஜன் குமிழி காட்டவா? ஹைட்ரில்லாவே எடுங்கள். ஆனால் மிச்சத்தைக் குளத்தில் வீசாதீர்கள். கணுவோடு ஒரு துண்டு போதும், முளைத்துவிடும். சேற்றுக்குள் கிழங்கும் வைக்கும். 1950களில் மீன்தொட்டி வணிகம் வழியாக அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போனது, இன்றும் அங்கே பெரும் களை.