மூன்று விளக்குகளும் ஒரு சென்சாரும்: என் காரின் பிரேக் பற்றி

முன் இடது சக்கரத்தின் வேக சென்சாரைப் போன வாரம் மாற்றினோம். டேஷ்போர்டில் வாரக்கணக்கில் எரிந்துகொண்டிருந்த மூன்று மஞ்சள் விளக்குகளும் ஒரே நேரத்தில் அணைந்துவிட்டன. பலமாக மிதிக்கும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ்ஸுக்கு ஒன்று, கிளம்பும்போது சக்கரம் வழுக்கிச் சுழல்வதைத் தடுக்கும் டிராக்ஷன் கண்ட்ரோலுக்கு ஒன்று, ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் பிடிக்கும் ஹில் ஹோல்டுக்கு ஒன்று. விளக்குகள் மூன்று என்றாலும் பழுது ஒன்றுதான்.

வண்டியின் பொது விவரங்கள் ஊரறிந்தவை: சிறிய பெட்ரோல் ஹேட்ச்பேக், முன்சக்கர இழுவை, முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். மைலேஜ், ஏசி, டிக்கி அளவு எதையும் நான் எழுதப்போவதில்லை. இத்தனை வருடங்களில் இந்த வண்டி எனக்கு அதிக நிம்மதி தந்ததும் அதிக எரிச்சல் தந்ததும் பிரேக் விஷயத்தில்தான். அதை மட்டும் எழுதுகிறேன்.

எரிச்சலிலிருந்து தொடங்குகிறேன். வேலைக்காக வேலூரிலிருந்து ராணிப்பேட்டைக்குப் போய் வருபவன் நான். வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பின் நெரிசலில் வண்டி ஊர்ந்து ஊர்ந்துதான் நகரும். விளக்குகள் எரிவதற்கு வெகு நாள் முன்பிருந்தே அங்கே ஒரு தொல்லை இருந்தது. மெல்ல மிதித்து, வண்டி நிற்கப்போகும் கடைசி நொடியில், பெடல் காலுக்கடியில் கடகடவென்று அதிரும். நிற்க வேண்டிய வண்டி இன்னும் ஓர் அடி முன்னால் நழுவும். காய்ந்த தார்ச்சாலை, நடக்கிற வேகம், முன்னால் ஓர் ஆட்டோ. அந்த ஓர் அடியில் நெஞ்சு ஒருமுறை நின்று துடிக்கும்.

சர்வீஸ் சென்டரில் சொன்னேன். "ஏபிஎஸ் வேலை செய்கிறது சார், அப்படித்தான் அதிரும்" என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார்கள். இந்தப் பதில்தான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. ஏபிஎஸ் எப்போது வேலை செய்ய வேண்டும், எப்போது செய்யக் கூடாது என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு வேக சென்சார் இருக்கிறது. பலமாக மிதிக்கும்போது ஒரு சக்கரத்தின் வேகம் மட்டும் திடீரென்று சரிந்தால், அந்தச் சக்கரம் பூட்டிக்கொள்ளப்போகிறது என்று கணினி முடிவு செய்கிறது. உடனே அந்தச் சக்கரத்துக்குப் போகும் பிரேக் ஆயிலின் அழுத்தத்தை வால்வுகள் வழியாகக் குறைத்து, சக்கரம் உருளத் தொடங்கியதும் மீண்டும் ஏற்றுகிறது. ஒரு நொடிக்குள் இது பலமுறை நடக்கிறது. காலில் தெரியும் அதிர்வு அதுதான். பூட்டிய சக்கரம் திசை திரும்பாது, உருளும் சக்கரம் திரும்பும். ஏபிஎஸ்ஸின் முதல் பயன் இதுதான். நிற்கும் தூரத்தை எப்போதும் குறைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். சரளைக்கல்லிலும் தளர்ந்த மண்ணிலும் தூரம் கூடவும் செய்யும். பூட்டிய சக்கரம் தன் முன்னால் மண்ணைக் குவித்துக்கொண்டு நிற்கும். உருளும் சக்கரத்துக்கு அந்த உதவி கிடைக்காது.

என் வண்டியில் நடந்தது வேறு. சென்சாரின் சிக்னல் பலவீனமாகி, குறைந்த வேகத்தில் சட்டென்று பூஜ்யமாகிவிடுகிறது. மற்ற மூன்று சக்கரங்களும் உருளும்போது இது மட்டும் நின்றுவிட்டதாகக் கணினி நம்புகிறது. நன்றாகப் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக்கைத் தளர்த்துகிறது. அதாவது, நிற்க வேண்டிய இடத்தில் வண்டியே பிரேக்கை விட்டுவிடுகிறது. "அப்படித்தான் அதிரும்" என்று சொல்லி அனுப்பும் விஷயமா இது?

பிறகு ஒரு நாள் சிக்னல் முழுவதுமாகப் போய், மூன்று விளக்குகளும் எரிந்தன. டிராக்ஷன் கண்ட்ரோலுக்குச் சக்கர வேகம் வேண்டும், ஹில் ஹோல்டும் அதே ஏபிஎஸ் யூனிட்டை நம்பி இருக்கிறது. வீட்டில் சம்பாதிப்பவர் படுத்தால் எல்லார் பாடும் திண்டாட்டமாவதுபோல், ஒரு சென்சார் போனால் அத்தனையும் போகும். மீண்டும் அதே சர்வீஸ் சென்டர். இந்த முறை ஏபிஎஸ் யூனிட்டையே முழுதாக மாற்ற வேண்டும் என்று ஒரு தொகையைச் சொன்னார்கள். கேட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

சத்துவாச்சாரியில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். கையடக்க ஸ்கேனரைச் செருகி, வண்டியை மெல்ல ஓட்டச் சொன்னார். திரையில் நான்கு சக்கரங்களின் வேகமும் தனித்தனியாக ஓடியது. மூன்று ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. முன் இடது பூஜ்யத்திலேயே கிடந்தது. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், ஸ்டீயரிங் திரும்பும்போதெல்லாம் வளையும் இடத்தில் வயரின் மேலுறை வெடித்திருந்தது. கனெக்டருக்குள் பச்சை பூத்திருந்தது. மழைத்தண்ணீர் நேராக அடிக்கும் இடத்தில் அந்தக் கனெக்டரை வைத்தவர்கள் ஒரு மழைக்காலத்தையாவது பார்த்திருப்பார்களா என்று தெரியவில்லை. புதிய சென்சாரைப் பொருத்தி, கணினியில் பதிவாகியிருந்த பழுதுக் குறியீட்டை அழித்து, மீண்டும் ஓட்டிப் பார்த்தோம். நான்கு எண்களும் சேர்ந்து ஓடின. கிரீன் சர்க்கிளில் இப்போது பெடல் அமைதியாக இருக்கிறது. செலவான தொகை, அவர்கள் கேட்டதன் பக்கத்தில் வைத்துச் சொல்லக்கூட முடியாத அளவு சிறியது.

இவ்வளவு கோபத்தோடு எழுதிவிட்டாலும், நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். இந்த அமைப்பு ஒழுங்காக வேலை செய்த நாட்களில் எனக்குச் செய்தது கொஞ்சமல்ல.

ஏலகிரி மலைப்பாதை தெரிந்தவர்களுக்கு அதன் 14 கொண்டை ஊசி வளைவுகளும் தெரியும். புலவர்கள், வள்ளல்கள் பெயர் தாங்கியவை. மழை விட்ட ஒரு மாலையில் இரண்டாவது கியரில் மலையடிவாரப் பொன்னேரி நோக்கி இறங்கிக்கொண்டிருந்தோம். ஒரு வளைவில் மேலிருந்து அடித்து வந்த செம்மண் சாலை முழுக்கப் படிந்திருந்தது. ஸ்டீயரிங் திரும்பியது, வண்டியின் மூக்கு திரும்பவில்லை. வெளிப்பக்கத்துக்கு நேராக வழுக்கியது. அடுத்த கணம் வண்டி வழுக்கித் திசை மாறாமல் பிடிக்கும் இஎஸ்சியின் விளக்கு டேஷ்போர்டில் படபடத்தது, பானட்டுக்குள் 'கர்ர்' என்று ஒரு சத்தம், மூக்கு உள்ளே திரும்பியது. எதிரே வந்த வேனுக்கு வழியும் இருந்தது. பின் இருக்கையில் இருந்த என் அம்மா எதையும் உணரவில்லை.

அந்தக் கணத்தில் நடந்தது இது. ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று ஒரு சென்சார் சொல்கிறது. வண்டி உண்மையில் எவ்வளவு சுழல்கிறது என்று இன்னொன்று சொல்கிறது. இரண்டும் ஒத்துப்போகாதபோது இஎஸ்சி தானாக ஒரு சக்கரத்தை மட்டும் பிடிக்கிறது. மூக்கு வெளியே போனால் பெரும்பாலும் உட்புறப் பின்சக்கரத்தை. வால் வெளியே போனால் வெளிப்புற முன்சக்கரத்தை. மனிதனுக்கு இருப்பது ஒரே பிரேக் பெடல். தனித்தனிச் சக்கரத்தைப் பிடிக்க எந்தத் திறமைசாலி டிரைவராலும் முடியாது. 1978-ல் ஏபிஎஸ்ஸும் 1995-ல் இஎஸ்சியும் மெர்சிடிஸின் எஸ்-கிளாஸ் கார்களில் வந்தபோது அவை பணக்காரர்களின் பொருள். இன்று சிறிய காரிலும் கிடைக்கின்றன என்பதை நினைத்தால் எனக்கு உண்மையான நன்றியுணர்வு வருகிறது.

டிராக்ஷன் கண்ட்ரோலைப் பற்றி அந்த அளவுக்குப் பாராட்ட முடியவில்லை. நனைந்த ஏற்றத்தில் கிளம்பும்போது நன்றாகவே உதவும். சுழலும் சக்கரத்தைப் பிடித்து, இழுவையை மறுபக்கச் சக்கரத்துக்குத் தள்ளிவிடும். ஆனால் ஒடுகத்தூர்ப் பக்கம் உறவினரின் தென்னந்தோப்புக்குப் போகும் மண்வழியில், மழைக்குப் பிறகு, அது எனக்கு எதிரி. சேற்றில் சக்கரம் கொஞ்சம் சுழன்றால்தான் வண்டி நகரும். இதுவோ சுழன்றதும் எஞ்சின் சக்தியை வெட்டிவிடுகிறது. மிதிக்க மிதிக்க வண்டி மூச்சடங்கி நிற்கும். அந்த இடத்தில் பொத்தானை அழுத்தி அணைத்து, இரண்டாவது கியரில் நிறுத்தாமல் உருட்டிக்கொண்டு போக வேண்டும். தார்ச்சாலை ஏறியதும் மறக்காமல் மீண்டும் போட்டுவிட வேண்டும்.

குடியாத்தத்திலிருந்து என் சித்தப்பா மகன் தொலைபேசியில் கேட்டான்: "அண்ணா, இஎஸ்சி உள்ள மாடலுக்குக் கூடுதலாகப் பணம் கேட்கிறார்கள். சன்ரூஃப் உள்ள மாடல் ஒன்றும் கிட்டத்தட்ட அதே விலைக்கு வருகிறது. எதை எடுப்பது?" வேலூர் வெயிலில் சன்ரூஃபைத் திறந்து வைத்துக்கொண்டு யார் ஓட்டப்போகிறார்கள்? கேள்வியே வேண்டாம், இஎஸ்சி என்று சொன்னேன். கார்களில் ஏபிஎஸ் 2019 ஏப்ரலிலிருந்து கட்டாயம் என்பதால் அதைப் பற்றி யாரும் கேட்க வேண்டியதில்லை. 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த, கார்களின் பாதுகாப்புக்கு நட்சத்திரம் தரும் பாரத் என்கேப் மதிப்பீட்டில் மூன்று நட்சத்திரமோ அதற்கு மேலோ பெற இஎஸ்சி இருந்தாக வேண்டும். ஆனாலும் வாங்கும் மாடலில் இருக்கிறதா என்று எழுத்தில் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

அவனுக்குச் சொன்ன இன்னும் சில விஷயங்கள் இங்கேயும் இருக்கட்டும். மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் இருக்கிறது, நிதானமாக ஓட்டிப் போய்க் காட்டலாம். அதோடு சிவப்பு பிரேக் விளக்கும் எரிந்தால் ஓட்டவே கூடாது. பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் அழுத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் ஈபிடியும் போயிருக்கலாம். அவசரத்தில் பெடலை விட்டு விட்டு மிதிக்கும் அம்பாசிடர் காலத்துப் பழக்கம் இந்த வண்டிகளுக்கு ஆகாது. அழுத்தி மிதித்து, அதிர்ந்தாலும் காலை எடுக்காமல், விலக வேண்டிய பக்கம் ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், ஈரம் ஏறிய ஆயில் மலையிறக்கச் சூட்டில் கொதித்துப் பெடலைத் தொளதொளவென்று ஆக்கிவிடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதனால்தான்.

டயர் தேய்ந்திருந்தால் இவை எதுவும் காப்பாற்றாது. 80 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறோம். மனம் உணர்ந்து கால் மிதிக்க ஒரு நொடி. பிறகு நல்ல டயரோடு காய்ந்த சாலையில் ஏறத்தாழ 30 மீட்டர், நனைந்த சாலையில் 50 மீட்டர்கூட ஆகலாம். பள்ளிகொண்டா பக்கம் மழையில் லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு பறப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கணக்கு எனக்கு நினைவுக்கு வரும். ஏபிஎஸ் இருக்கும் தைரியத்தில்தான் பலர் அப்படி ஓட்டுகிறார்கள்.

இவ்வளவு புகழ்ந்த பிறகு, இந்த வண்டியையே வாங்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். இஎஸ்சி உள்ள வேறு வண்டியைப் பாருங்கள். ஏலகிரியில் எங்களைக் காப்பாற்றியது இதே வண்டிதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு சென்சார் வயரைச் சோதிக்காமல் யூனிட்டையே மாற்றச் சொன்னவர்களிடம் இன்னொரு குடும்பத்தை அனுப்பி வைக்க இப்போதைக்கு எனக்கு மனம் வரவில்லை.