400 வாட்-செகண்ட் என்று விற்ற ஃபிளாஷில் 100 கூட தேறவில்லை, 28,000 போச்சு

ஸ்டுடியோ லைட் கிட் ஆன்லைனில் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். 28,000 போன எரிச்சலில் எழுதுகிறேன்.

வாங்கியது கேமரா சாமான் மட்டும் விற்கும் ஒரு தளத்தில். 400 வாட்-செகண்ட் (ஒரு முறை மின்னச் செலவாகும் ஆற்றலின் அளவு) ஃபிளாஷ் ஹெட் இரண்டு, 60×90 சென்டிமீட்டர் சாஃப்ட்பாக்ஸ் (வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப்பெட்டி) இரண்டு, ஸ்டாண்ட், கேமராவிலிருந்து ஃபிளாஷை இயக்கும் ட்ரிகர். நம்பவைத்தது விலை இல்லை, சாட்டில் பேசிய ஆள். "கீ லைட் முகத்துல இருந்து எவ்வளவு தூரம் வைப்பீங்க? ஃபில் எத்தனை ஸ்டாப் குறைச்சு?" என்று கேட்டார் (கீ என்பது முக்கிய லைட், ஃபில் என்பது நிழலை நிரப்பும் துணை லைட், ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி). இப்படிக் கேட்கிறவருக்குத் தொழில் தெரியும் என்று நினைத்ததுதான் வினை. அந்தக் கிட்டில் எடுத்தது என்று ஒரு போர்ட்ரெய்ட்டும் அனுப்பினார். அன்றைக்கே முழுப் பணமும் கட்டியாச்சு.

அந்தப் படத்தை இப்போது பெரிதாக்கிப் பார்க்கிறேன். கருவிழியில் தெரியும் கேட்ச்லைட்டுக்கு, அதாவது லைட்டின் பிரதிபலிப்புக்கு, எட்டுப் பக்கம். கிட்டில் வந்த சாஃப்ட்பாக்ஸோ நீள்சதுரம்! வேறு லைட்டில் எடுத்த படம் அது.

ஹெட்டில் கைடு நம்பர் 64 என்று ஒட்டியிருக்கிறது (ஃபிளாஷின் பலத்தைச் சொல்லும் எண், தூரத்தால் வகுத்தால் வைக்கவேண்டிய எஃப் எண், அதாவது லென்ஸ் துவார அளவு, கிடைக்கும்; மீட்டர் கணக்கு, கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓ 100). அப்படியென்றால் கூட வந்த ரிஃப்ளெக்டரை (ஹெட்டின் முன் மாட்டும் கிண்ணம்) மாட்டி, முழு பவரில், 2 மீட்டர் தள்ளி லைட் மீட்டரில் அளந்தால் எஃப் 32 வரவேண்டும். வந்தது எஃப் 16. இரண்டு ஸ்டாப் குறைவு, அதாவது சொன்ன வெளிச்சத்தில் கால்வாசி. இன்னொரு ஹெட் அதைவிடவும் கொஞ்சம் மந்தம்.

வெளிச்சம் குறைந்தால் ஐஎஸ்ஓவை ஏற்றி ஒப்பேற்றிவிடலாம். நிறத்தை என்ன செய்வது? ஒரே பவரில் இரண்டு ஹெட்டையும் தனித்தனியாக கிரே கார்டில் (நிறம் சரிபார்க்கும் சாம்பல் அட்டை) அடித்துப் பார்த்தால் நிறத்தில் 600 கெல்வின் வித்தியாசம். ஒன்றைக் கீயாகவும் மற்றதை ஃபில்லாகவும் வைத்தால் ஒரு கன்னம் நீலம் பாரிக்கிறது, நிழல் கன்னம் மஞ்சளடிக்கிறது. ஒயிட் பேலன்ஸை நகர்த்தினால் முழுப் படமும் சேர்ந்து நகரும், ஒரு கன்னம் தேறினால் மறு கன்னம் கெடும். சாஃப்ட்பாக்ஸில் வெளிச்சத்தைப் பரப்பும் உள்துணியும் இல்லை. நடுவில் பளீர், ஓரம் மங்கல், நெற்றியில் எண்ணெய் வழிகிற மாதிரி ஒரு திட்டு.

புகார் சொன்னதும் முதல் பதில், "உங்க மீட்டர்ல கோளாறு இருக்கும்." கேமராவிலேயே எடுத்து, வெளிச்ச அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தோடு அனுப்பினேன். "செட்டிங் சரிபாருங்க." அடுத்து, "டெக்னிக்கல் டீம் கூப்பிடுவாங்க." யாரும் கூப்பிடவில்லை. கடைசியில் "பெட்டியைப் பிரிச்சாச்சே, ரிட்டர்ன் கிடையாது" என்று புகாரையே மூடிவிட்டார்கள். பிரிக்காமல் எப்படி ஐயா அளப்பது? இருபத்தெட்டாயிரம்! தொழில் பேசிய அந்த ஆளும் இப்போது பதில் போடுவதில்லை.

அவசரமாகச் சில விஷயம். வெறும் 'வாட்' என்று போட்டிருந்தால் அது ஃபிளாஷின் சக்தி இல்லை, வாட்-செகண்ட் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். கைடு நம்பர் எந்த ரிஃப்ளெக்டரோடு அளந்தது என்றும் கேளுங்கள். பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள். வந்த அன்றே ஒரே பவரில் பத்து ஷாட் அடித்து, வெளிச்சமும் நிறமும் ஷாட்டுக்கு ஷாட் மாறுகிறதா பாருங்கள்.

ஆத்திரத்தில் ஹெட்டைக் கழற்றிப் பார்க்க மட்டும் போகாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் ஆளையே கொல்லும் அளவுக்குச் சார்ஜ் நிற்கும்.