டீம்ஸ் கோல் விட்டுவிட்டுப் போகுதா? பூஸ்டருக்குக் காசு கொடுக்கும் முன் இதை வாசிங்க

ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலைப் பக்கம் வீட்டிலிருந்து ஒன்லைன் வேலை பார்க்கிறவங்களுக்காக எழுதுகிறேன். டவுனில் ஒரு கொம்பியூட்டர் கடையில் எனக்கு 19,000 ரூபாவுக்கு ஒரு 'சிக்னல் பூஸ்டர்' விற்றாங்க. அது சரிவரவில்லை என்று போனதும், லெப்டொப்பில் வைஃபை கார்ட் பழுது என்று சொல்லி இன்னும் 7,500 ரூபா வாங்கினாங்க. என் பிரச்சினைக்கும் இந்த இரண்டுக்கும் துளியும் சம்பந்தமில்லை. முறைப்பாடு கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை.

நான் வேலை செய்வது கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு. தினமும் காலையில் மைக்ரோசொப்ட் டீம்ஸில் மீட்டிங். திடீரென்று ஒரு கிழமையிலிருந்து என் குரல் உடைந்து உடைந்து போக ஆரம்பித்தது, படம் உறைந்து நின்றது, நடுவில் கோல் அறுந்தது. சுப்பர்வைசர் இரண்டாம் தடவை கேட்டபோதே எனக்குப் பயம் வந்துவிட்டது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே செய்யும் வேலை எவ்வளவு அரிதாகக் கிடைக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு அந்தப் பயம் புரியும். கடைக்காரருக்கும் அது நன்றாகவே புரிந்தது.

"தங்கச்சி, மலைப்பக்கம்னா இப்படித்தான். மிஸ்ட் இறங்குனா சிக்னல் செத்துரும். பூஸ்டர் போடாம வேலை செய்யவே ஏலாது" என்றார். எப்போதிருந்து இப்படி, போனிலும் இதே பிரச்சினையா, ரவுட்டரில் எத்தனை கட்டம் சிக்னல் காட்டுது, எதையும் கேட்கவில்லை. "அண்ணே, பில் தாங்க" என்றதற்கு ஒரு துண்டுக் காகிதத்தில் தொகையை மட்டும் எழுதித் தந்தார்.

மிஸ்ட் கதையை நம்ம பக்கத்தில் எல்லாரும் நம்புகிறோம். கடும் மழையில் டிஷ் டீவி படம் போய்விடுவதைப் பார்த்துப் பழகியதுதான் காரணம். ஆனால் டிஷ் வேலை செய்வது 10 கிகாஹேர்ட்ஸுக்கு மேலே உள்ள அலைகளில். அவற்றைத்தான் மழைத்துளி விழுங்கும். நம்ம 4ஜி ரவுட்டர் பிடிக்கும் அலைகள் அதைவிட மிகவும் கீழே இருப்பவை, பனிமூட்டம் அவற்றை ஒன்றும் செய்யாது. டவருக்கும் வீட்டுக்கும் நடுவில் நிற்கும் மலை தடுக்கும். இரவில் எல்லாரும் ஒரே டவரில் வீடியோ பார்த்தால் வேகம் குறையும். கரண்ட் நீண்ட நேரம் போனால் டவரின் பெட்டரியும் தீரும். மிஸ்ட்டைக் காட்டி யாராவது உங்களிடம் பொருள் விற்க வந்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்க.

உண்மையான காரணத்தைக் கண்டுபிடித்தவர் எங்கள் ஒபிஸ் ஐடி பிரிவில் இருக்கும் ஒரு தம்பி. போனிலேயே, ஒரு சதம் செலவில்லாமல். முதலில், அதே வீட்டு வைஃபையில் லெப்டொப்பை மூடிவிட்டு கைப்போனில் டீம்ஸ் எடுக்கச் சொன்னார். குரலும் படமும் சுத்தமாக வந்தது. அடுத்து, வேறு கம்பனி சிம் உள்ள போனில் ஹொட்ஸ்பொட் போட்டு லெப்டொப்பை இணைக்கச் சொன்னார். மறுபடி உடைந்தது. "அக்கா, அப்போ லைனிலும் சிக்னலிலும் பிழையில்லை, லெப்டொப்புக்குள்ள ஏதோ இருக்கு" என்றார். பூஸ்டர் தேவையா இல்லையா என்பதை இந்தச் சோதனையே சொல்லிவிடும். தெரிந்த யாரிடமாவது வேறு கம்பனி சிம் உள்ள போனைக் கொஞ்ச நேரம் இரவல் வாங்கி நீங்களும் செய்து பாருங்க.

பிறகு மீட்டிங் நடக்கும்போதே மேலே உள்ள மூன்று புள்ளியை அழுத்தி, செட்டிங்ஸில் 'கோல் ஹெல்த்' என்பதைத் திறக்கச் சொன்னார். பெக்கெட் லொஸ் (குரலும் படமும் சின்னச் சின்னத் துண்டுகளாகப் போகும்போது வழியில் தொலைவது), ஜிட்டர் (துண்டுகள் வந்து சேரும் நேரம் முன்பின்னாகுவது), ரவுண்ட் ட்ரிப் (ஒரு துண்டு போய்வர எடுக்கும் நேரம்) என்று எண்கள் ஓடும். தொலைந்துபோகும் பெக்கெட் 1 சதவீதத்துக்குக் கீழேயும், ஜிட்டர் 30 மில்லிசெக்கனுக்குக் கீழேயும், போய்வரும் நேரம் 100 மில்லிசெக்கனுக்குக் கீழேயும் இருந்தால் நல்லது. எனக்கு மூன்றுமே அதைவிட எங்கேயோ மேலே இருந்தன. கடைக்காரர் காட்டிய ஸ்பீட் டெஸ்டில் வேகம் தாராளமாகத்தான் இருந்தது. இருவர் பேசும் வீடியோ கோலுக்கு 1.5 எம்பிபிஎஸ் போதும். டவுன்லோட் வேகத்தை மட்டும் காட்டி ஆளை ஏமாற்றுவது எவ்வளவு சுலபம் பாருங்க.

குற்றவாளி ஒபிஸ் விபிஎன், அதாவது லெப்டொப்பில் போய்வருவதைப் பூட்டி, கம்பனி சேர்வர் வழியாக அனுப்பும் இணைப்பு. கோல் உடைய ஆரம்பித்த அதே கிழமையில்தான் கம்பனி விபிஎன்னை லண்டன் சேர்வருக்கு மாற்றியிருந்தது. டீம்ஸ் குரலும் படமும் வழக்கமாக யுடிபி (தொலைந்த துண்டுக்காகக் காத்திருக்காத, வேகமான முறை) 3478 முதல் 3481 வரையான போர்ட்டுகளில், அதாவது இணைப்பு வாசல்களில், நேராகப் போக வேண்டும். அந்த வழி அடைபட்டதால், எல்லாமே 443 வழியாக டிசிபியில் (தொலைந்த துண்டை மறுபடி அனுப்பும்வரை காத்திருக்கும் முறை), லண்டனைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. டீம்ஸ் மட்டும் விபிஎன்னுக்கு வெளியே போகும்படி அவர் மாற்றிவிட்டார். அன்றைக்கே சரி.

பணத்தைவிட எனக்கு ஆத்திரம் தருவது இன்னொன்று. இந்த மாதிரி பூஸ்டரைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதியில்லாமல் பாவிப்பது சட்டப்படி குற்றம். தரம் குறைந்தது என்றால் டவருக்கே இரைச்சலை அனுப்பி அக்கம்பக்கத்து லைனையும் கெடுக்கும். அதாவது கீழ் லயத்தில் ஒன்லைனில் ஏ.எல். படிக்கும் பிள்ளையின் கிளாஸையும் சேர்த்து. நான் அதைக் கழற்றி வைத்துவிட்டேன். 2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாள் சம்பளம் 1,350 ரூபாவாக்கப்பட்டது. அந்தக் கணக்கில் இந்தப் பெட்டியின் விலை அம்மாவின் இரண்டு கிழமைக் கொழுந்துக்கும் மேல்.

கடையில் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டாங்க. கழற்றிய பழைய கார்டையும் தரவில்லை. ரிப்பேருக்குக் கொடுத்தால் கழற்றிய பாகத்தைக் கையோடு கேட்டு வாங்குங்க. கேட்டால் பில் கொடுக்கத்தான் வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டம் அதைச் சொல்கிறது. மறுத்தால் 1977க்கு அழைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் சொல்லுங்க. எழுத்து மூல முறைப்பாட்டைப் பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். பூஸ்டர் விற்பனை பற்றி அந்த ஆணைக்குழுவுக்கு 1900இல் சொல்லலாம். இரண்டு அண்டெனா உள்ள, பெயரோ மொடல் நம்பரோ இல்லாத வெள்ளைப் பெட்டி அது. அதே பெட்டியை வாங்கினவங்க இருந்தால் மூன்று மாதம் முடியும் முன் நீங்களும் எழுதிப் போடுங்க, எழுத உதவி வேண்டுமென்றால் எனக்கு மெசேஜ் பண்ணுங்க.