ஹட்டன் ரிப்பேர் பாஸ் அண்ணன்கிட்ட குடுத்த பழைய பயனியர் செட்டு: சத்தம் போயிருச்சு, மூணு கிழமையும் போயிருச்சு

எங்க வீட்டுல இருக்கிறது பயனியர் எஸ்எக்ஸ் 450, ரேடியோவும் ஆம்பிளிஃபயரும் சேந்த செட்டு, 1976ல வந்த மாடல், ஒரு பக்கத்துக்கு 15 வாட்ஸ்தான் ஆனா தொறந்தா எங்க தோட்டத்து லயம் (லைன் வீடுங்க) பூரா கேக்கும். சித்தப்பா சவுதியில இருந்து வரும்போது செகண்ட் ஹேண்ட்ல வாங்கியாந்தது. போன மழைக்கு பொறகு மூணு சத்தம் ஒண்ணா சேந்துக்கிச்சு. வால்யூம திருப்புனா கரகர, சும்மா வச்சிருந்தாலே உம்ம்ம்னு ஒரு இரைச்சல், அது பத்தாதுன்னு பனி இறங்குற காலையில இடது பக்கம் மட்டும் சோளப்பொரி பொரியிற மாதிரி படபட.

மொதல்ல வேற ஒரு கடையில குடுத்தேன், பேரு வேணாம். மூடிய தொறந்து டபிள்யூடி 40ங்கிற துரு எடுக்குற ஸ்பிரேய அடிச்சுட்டு 1500 ரூவா வாங்குனாங்க, ரெண்டு கிழமையில பழைய குருடி கதவ தொறடி.

அப்புறம்தான் தோட்டத்து ஃபேக்டரி எலக்ட்ரீசியன் ஒருத்தர் இந்த பாஸ சொன்னாரு. மாடிப்படி ஏறணும், போர்டு ஒண்ணும் கெடையாது. அண்ணன் அரை மணி நேரம் ஸ்குரூ டிரைவரயே தொடல. "தம்பி, வால்யூம சுத்தமா கொறைங்க"ன்னாரு, கொறச்சேன், உம்ம்ம் அப்படியே இருந்துச்சு. "அப்ப வால்யூமுக்கு முன்னுக்கு கோளாறு இல்ல, பவர் சப்ளைய பாப்போம்." ஸ்பீக்கர் வயர இடது வலது மாத்தி குத்துனாரு, படபட வலது ஸ்பீக்கருக்கு போயிருச்சு, அப்ப ஸ்பீக்கர்ல பழுதில்ல, செட்டுலதான். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், கரண்ட ஒரே பக்கமா திருப்புற டயோடு தாண்டுனா 100 ஆயிரும், அந்த ஏத்த எறக்கத்த சமப்படுத்துற பெரிய ஃபில்டர் கெபாசிட்டர் ரெண்டும் இத்தன வருசத்துல காஞ்சிருச்சாம். அதே மைக்ரோஃபரட் (கெபாசிட்டரோட அளவு), வோல்டேஜ் மட்டும் கொஞ்சம் கூட போட்டாரு. வால்யூமுக்கு கான்டெக்ட் கிளீனர் அடிச்சு முப்பது தடவையாவது திருப்புனாரு, கரகர அதோட சரி.

படபடவ கண்டுபுடிச்ச விதம்தான் பாக்கணும். காது கொடையிற பஞ்சு குச்சிய ஸ்பிரிட்ல நனைச்சு, இடது பக்கம் இருக்கிற சின்ன சின்ன டிரான்சிஸ்டர் தலையில ஒவ்வொண்ணா வச்சுக்கிட்டே வந்தாரு, ஒண்ணுல குளிர் பட்டதும் சத்தம் சடசடன்னு கூடிருச்சு. கழட்டி காட்டுனாரு, கால் மூணும் கரி புடிச்ச மாதிரி கறுப்பு. அதுக்கு மாத்து கொழும்பு பெட்டா ஃபர்ஸ்ட் க்ராஸ் ஸ்ட்ரீட்ல இருந்து வரணும்னுதான் மூணு கிழமை இழுத்துச்சு. ஃபோன் எடுக்கவே மாட்டாரு, நேருல போயி போயி கேட்டேன், பஸ் காசே தனிக் கணக்கு.

எடுக்க போன அன்னைக்கு 100 வாட்ஸ் குண்டு பல்ப சீரிஸ்ல போட்டு, அது வழியா செட்டுக்கு கரண்ட் குடுத்தாரு, பல்ப் ஒரு தடவ பளிச்சுன்னு எரிஞ்சு மங்கிருச்சு. மங்காம எரிஞ்சுக்கிட்டே இருந்தா உள்ள ஷார்ட்டுன்னு அர்த்தமாம். இப்ப காத ஸ்பீக்கர்ல ஒட்டி வச்சாதான் லேசா ஒரு இரைச்சல்.

மொத்தம் 7500, பில் கெடையாது. ஒரே வயித்தெரிச்சல், கேக்காமலே டயல் பல்ப கழட்டிட்டு வெள்ளை எல்ஈடி போட்டுட்டாரு, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. நல்ல வேளையா கழட்டுன சாமான் எல்லாத்தையும் ஒரு ஷொப்பிங் பேக்ல கட்டி குடுத்திருந்தாரு, அதுக்குள்ள பழைய பல்பும் இருக்கு. போயா (பௌர்ணமி) லீவுக்கு கடை பூட்டு, செவ்வாக்கிழமை கொண்டுபோயி மாத்த சொல்லணும்.